ஒத்திகையில் இல்லாதது

“இவங்களை வீட்ல நீ என்னன்னு கூப்பிடுவே கண்ணு?” என்று கேட்டார் மொழிபெயர்ப்பாளர்.

இவங்க என்றது அக்காவை. மேசைக்கு அந்தப் பக்கம் குடியிருப்பு அனுமதி அலுவலகத்து அதிகாரி. இந்தப் பக்கம் நான், அக்கா, அக்காவின் கணவரான அத்தான்.

அம்மா, என்றேன். வாய்க்குள் பூச்சி போய்விட்டது போல் இருந்தது.

என் அம்மா செத்து இரண்டு வருஷம் ஆகிறது. ஊரில் வேறு யாரும் இல்லாததால் அக்கா என்னைச் சுற்றுலா விசாவில் இங்கே வரவழைத்தாள். என்னைக் கூடவே வைத்துக்கொள்ள அனுமதி கிடைக்குமா என்று விசாரித்தபோது, தங்கை எல்லாம் கணக்கில் வராது என்றார்கள். கணவன், மனைவி, பிள்ளை. அவ்வளவுதான் குடும்பமாம்.

வழி கண்டுபிடித்தது அத்தான்தான். என் பிறப்பை யாரும் பதிவு செய்யவில்லை. மறந்தே போச்சு என்று அம்மா சொல்லுவாள். அப்படியென்றால் மகள் என்றே எழுதிவிடலாம், யார் கேட்பார்கள் என்றார்.

என் மேல் பாசம் ஒன்றும் இல்லை. வேலைக்காரிக்குச் சம்பளம் கொடுப்பதைவிட மச்சினிக்குச் சோறு போடுவது மலிவு என்று அவர் யாரிடமோ போனில் சொல்லிச் சிரித்தபோது, நான் அவருடைய பனியனைத்தான் கசக்கிக்கொண்டிருந்தேன். அக்குளில் மஞ்சளாகப் படிந்த பனியன்.

ஆறு மாதத்தில் முடிவு வரும் என்றார்கள். பிறகு பத்து மாதம். பிறகு, காத்திருக்கவும் என்று மட்டும். அனுமதி வராமல் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை. படிப்பு அதோடு போயிற்று. மறுத்துவிட்டால், பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு நான் தனியாகத் திரும்ப வேண்டும்.

காத்திருந்த மாதமெல்லாம் ஒத்திகை நடந்தது.

அத்தான் புதினா மிட்டாயை மென்றுகொண்டே முகத்துக்குக் கிட்டே வந்து, எங்கே, சொல்லு, என்பார். மிட்டாய்க்கு அடியிலிருந்து சிகரெட் நாற்றம் வரும். செத்துப்போனவளை நான் கூப்பிட்ட சொல்லை அந்த நாற்றத்துக்குள் சொல்ல வேண்டும். அக்காவைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

நான் சொன்ன உடனே அக்கா குழாயைத் திறந்துவிட்டுக் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவுவாள். உங்கக்காவுக்குச் சுட்டுப்போட்டாலும் நடிப்பு வராது என்பார் அத்தான்.

ஆதாரத்துக்குப் படங்கள் கேட்டார்கள். கைக்குழந்தையாக என்னைத் தூக்கிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக அக்கா நிற்கும் படம் ஒன்று அவள் பெட்டியில் இருந்தது. அதில் அவள் சட்டையின் முன்பக்கம் நனைந்திருக்கும். தண்ணி சிந்திட்டுது என்றாள்.

பெத்தவ மாதிரியே நிக்கிறா பாரு என்று சொல்லி, அத்தான் அதையே ஃபைலில் முதலாவதாக வைத்தார்.

இப்போது அந்தப் படத்தை மேசைமேல் எடுத்து வைத்துவிட்டு அதிகாரி அக்காவின் பக்கம் திரும்பினார். பிரசவம் எப்படி நடந்தது என்று சொல்லச் சொன்னார்.

ஒத்திகையில் அதுவும் இருந்தது. ஆஸ்பத்திரி, விடியற்காலை, சுகப்பிரசவம். அத்தான் நாற்காலியில் சாய்ந்து மிட்டாயை மென்றார்.

அக்கா படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“ஆஸ்பத்திரிக்குப் போகலை. சத்தம் வெளியில கேக்கக் கூடாதுன்னு எங்கம்மா என் வாயில துணிய அடைச்சாங்க. பால் குடுக்கவும் விடலை. தங்கச்சின்னு சொல்லிப் பழகுன்னாங்க.”

மொழிபெயர்ப்பாளர் தாழ்ந்த குரலில், ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னார்.

இதை எப்போது சேர்த்தார்கள் என்று அத்தானைப் பார்த்தேன். அவர் மெல்வதை நிறுத்தியிருந்தார்.

அதிகாரி எழுதி முடித்துப் பேனாவை மூடினார். அவருக்கு நம்பிக்கை வந்துவிட்டது, இனி அதிகம் காக்க வைக்க மாட்டார்கள் என்றார் மொழிபெயர்ப்பாளர்.

அத்தான் படத்தைத் தன் பக்கம் இழுத்தார். சட்டை நனைந்திருந்த இடத்தில் விரலை வைத்தார். பிறகு அந்த விரலைக் கால்சட்டையில் அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

அத்தான் எழுந்து கதவைத் திறந்துகொண்டு போனார்.