நூறு கொட்டைகள்

கோகோவை அரசு வாரியத்துக்குத்தான் விற்க வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். வாரியத்தின் தர ஆய்வாளர் முத்திரை குத்தாத மூட்டையை யாரும் வாங்க முடியாது. கணவன் இறந்தபின் தனியாகத் தோட்டம் பார்த்த செர்வாவின் மூட்டைகளை அவர் இரண்டு பருவமாகத் திறந்துகூடப் பார்க்காமல் திருப்பி அனுப்பியிருந்தார். இம்முறையும் திரும்பினால் தோட்டம் தனக்கு என்று கொழுந்தன் அம்போஃபோ ஊரார் முன்னிலையில் சொல்லியிருந்தான்.

"சரியா புளிக்கல. எடுத்துட்டுப் போ," என்றார் ஆய்வாளர், வாரியக் கிடங்கு வாசலில்.

செர்வா மூட்டையின் மேல் ஏறி உட்கார்ந்தாள். "வெட்டிப் பாருங்கய்யா. நூறு கொட்டை வெட்டிப் பாக்கணும்னு உங்க சுவத்துலயே எழுதியிருக்கு."

தங்கள் மூட்டைகளோடு வரிசையில் நின்ற பெண்கள் நெருங்கி வந்தார்கள். ஆய்வாளர் வேறு வழியின்றிக் கத்தியை எடுத்தார். புளிக்காத கொட்டை உள்ளே ஊதாவாகவும் நன்றாகப் புளித்தது பழுப்பாகவும் இருக்கும். முதல் கொட்டை நல்ல பழுப்பாகப் பிளந்தது. பத்தாவதும் அப்படியே. ஐம்பதைத் தாண்டியதும் கூட்டம் உரக்க எண்ணத் தொடங்கியது. நூறாவதைச் செர்வாவே கத்தியை வாங்கிப் பிளந்து உயர்த்திக் காட்டினாள். பழுப்பு. முதல் தர முத்திரை விழுந்த சத்தம் ஆரவாரத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

அவள் கத்தியைத் திருப்பித் தரவில்லை. ஏற்கெனவே முத்திரையோடு அடுக்கியிருந்த அம்போஃபோவின் மூட்டைகளைப் பார்த்தாள்.

"அதெல்லாம் பாத்தாச்சு அண்ணி," என்றான் அவற்றின் பக்கத்தில் நின்றிருந்த அவன்.

"வெட்டிப் பாத்தாங்களா?"

அவன் பதில் சொல்வதற்குள் பெண்கள் முதல் மூட்டையின் தையலைப் பிரித்துவிட்டார்கள்.