கறுப்புத் துணி

"அம்மாவுக்கு வெயில் சுடாதா?" ஆஸ்பத்திரி முற்றத்தில் கிடத்தியிருந்த தாயின் உடலுக்குப் பக்கத்தில் நின்று பவுனம்மாள் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. யாரோ ஒருத்தி முந்தானையை விரித்து நிழல் பிடித்தாள். பவுனம்மாள் இன்றும் சாமி கும்பிடும்போது அந்த முகத்தை நினைத்துக்கொள்கிறாள். இப்போது யுத்த காலம். அதே முற்றத்தில், நர்சின் வெள்ளைச் சேலையில் நிற்கிறாள். துறைமுகத்தில் குண்டு விழுந்தால் என்ன செய்வதென்று ஒத்திகை. காயம்பட்டவர்களாக நடிப்பவர்களுக்குக் கட்டுப் போட வேண்டும். கையில் கறுப்புத் துணி கட்டியவர் பிணம். நர்சுகள் அவரைக் கவனிக்கக் கூடாது. துணியை அவிழ்க்கும்வரை அவரும் எழுந்திருக்கக் கூடாது.

"அல்லாருக்கும் கட்டு, எனுக்கு மட்டும் சாவா? நான் உனுக்கு இன்னா பண்ணேன் சிஸ்டர்?" என்கிறாள் பிணமாக நடிக்க வந்த மீன்காரி கன்னியம்மா.

"பொணம் பேசாது. படும்மா."

அபாயச் சங்கு ஊதுகிறது. பவுனம்மாள் ஸ்ட்ரெச்சரோடு கன்னியம்மாவைத் தாண்டித் தாண்டி ஓடுகிறாள். மறுபடி சங்கு ஊதியதும் கட்டுகளை உதறிவிட்டு எல்லோரும் டீ குடிக்கப் போகிறார்கள். கறுப்புத் துணியை அவிழ்க்க ஒருவருக்கும் நினைவில்லை. பவுனம்மாள் திரும்பி வருகிறாள். விடியுமுன்பே கடற்கரைக்குப் போய் வந்த கன்னியம்மா அப்படியே தூங்கிவிட்டாள். வெயிலில் முகம் சுளிக்கிறது, மணிக்கட்டில் ஒட்டிய மீன்செதில் மின்னுகிறது. துணியை அவிழ்க்க நீண்ட கை நின்றுவிடுகிறது. முற்றத்தில் வேறு யாருமில்லை. பவுனம்மாள் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, முந்தானையை விரிக்கிறாள். தூங்குகிறவளின் நெற்றிச் சுருக்கம் மெல்லத் தளர்கிறது.