மூன்றாவது இடத்தைக் காணோம்

“மூணாவது ரேங்கை முழுங்கினது யாரு?”

பின்வாசல் காவலாளி போட்ட சத்தத்தில் அலுவலகத்துக் கம்ப்யூட்டர் பெண்ணின் கையிலிருந்த டீ தளும்பியது.

அவர் நீட்டிய தாளில், புள்ளிகள் என்ற தலைப்பின் கீழ் காவலாளிகளின் வரிசை. முப்பத்தொன்று, முதல் இடம். இருபத்தேழு இரண்டு பேருக்கு, இருவருக்கும் இரண்டாம் இடம். அவருக்கு இருபத்துநாலு. இடம் நாலு.

முதல் மூன்று இடங்களுக்கு நாளைமுதல் இடமாற்றம் என்று அடியில் போட்டிருந்தது. இடமாற்றமென்றால் முன்கூடத்து மெத்தை நாற்காலிதான், வேறென்ன? பதினோரு வருஷம் முக்காலியில் குந்திக் குந்தி அவர் முட்டி தேய்ந்துபோயிருந்தது.

“நான் மூணாங்கிளாஸ்தாம்மா. ஆனா ரெண்டுக்கப்புறம் மூணுன்னு தெரியும்.”

“தப்பில்லைங்கய்யா. இப்பத்தான் பைத்தான்ங்கிற கம்ப்யூட்டர் மொழி கத்துக்கிட்டு நானே புரோகிராம் எழுதினேன். ஒருத்தருக்கு மேல எத்தனை பேருன்னு எண்ணி, ஒண்ணு கூட்டும். உங்களுக்கு மேல மூணு பேர். அதான் நாலு.”

“நல்லா எண்ணுச்சு! தொப்பியை மூஞ்சில கவுத்துட்டுத் தூங்குற கொட்டாவிப் பய மொத ரேங்க்காம். யாரு காதைக் கடிச்சானோ!”

“அது எனக்குத் தெரியாதுங்கய்யா. மானேஜர் வெறும் நம்பரா குடுத்தாரு, நான் வரிசைப்படுத்தினேன்.”

“சரி, ரெண்டு இருபத்தேழும் ஒரே நம்பர்தானே? ஒண்ணா எண்ணு.”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “அப்படியும் ரேங்க் போடலாம். ‘செட்’னு ஒரு வார்த்தை சேர்த்தா, திரும்ப வர்ற நம்பரை ஒரு தடவைதான் எண்ணும்.”

“சேரு. என் கண்ணு முன்னாடி சேரு.”

தட்டினாள். ஒன்று, இரண்டு, இரண்டு, மூன்று.

யாரை நம்புவது இந்தக் காலத்தில்? இரண்டு பிரதி எடுக்கச் சொல்லி, ஒன்றை மடித்துச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டார்.

அந்த நேரம் மானேஜர் உள்ளே வந்தார். புதுத் தாளை நின்றபடியே பார்த்துக் கையெழுத்துப் போட்டார். காவலாளி நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

“நாளையிலேருந்து நாலு பேரும் அடித்தளத்துல கார் நிறுத்துற இடத்துக்குப் போயிடுங்க. அங்க உட்காரல்லாம் முடியாது, நின்ன வேலை.”

தாளை இன்னொரு தரம் பார்த்த மானேஜர் புருவத்தை உயர்த்தினார்.

“ஏன் பெரியவரே, உங்க மேல வெறும் இருபத்துநாலு புகார்தானே, தப்பிச்சிட்டீங்கன்னு நெனச்சேனே!”