பூஜையில் வைத்த கணினிகள்

சிறுசேரியில் இருந்த அந்த நிறுவனத்தின் மேலாளர் சுப்புராமன், அதுவரை ஆயுத பூஜைக்கு ஒரு முழம் பூகூட வாங்கியவர் அல்ல. இந்த வருடம் நெட்வொர்க் பிரிவு ருக்சானாவைக் கூப்பிட்டு, "பெரிசா கொண்டாடணும்மா" என்றார்.

காரணம் பக்தி இல்லை, லைசென்ஸ்.

அலுவலக நெட்வொர்க்குக்குள் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று காவல் காக்க ஒரு மென்பொருள் வைத்திருந்தார்கள். உள்ளே நுழையும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு லைசென்ஸ். போதாததற்கு, வருகைப்பதிவு மென்பொருள், ஏபிஐ என்ற இணைப்பு வழியாக 'இது யாருடையது?' என்று கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் தனிக் கட்டணம். அதை விற்ற கம்பெனிக்காரர்கள் வருடத்தில் ஒருநாள் வந்து எண்ணுவார்கள். அன்றைய எண்ணிக்கைப்படிதான் அடுத்த வருட பில். அது எந்த நாள் என்பதை வாடிக்கையாளரே சொல்லலாம்.

"இந்த வாட்டியும் பில் ஏறினா என் சீட்டு காலின்னு முதலாளி சொல்லிட்டாரு. பூஜை அன்னிக்கு வந்து எண்ணச் சொல்லியிருக்கேன். இருநூத்திப் பன்னெண்டு மிஷினையும் ஆஃப் பண்ணிடு."

"ஏமாத்துற மாதிரி இல்ல சார்?"

"சாமி காரியம்மா. சந்தேகம் வராம இருக்க எல்லாரையும் குடும்பத்தோட வரச் சொல்லு. வர்றவங்க எது கேட்டாலும் குடு. எண்ணி முடிக்கிற வரைக்கும் யாரும் முகம் சுளிக்கக் கூடாது."

பூஜையன்று, துப்புரவு வேலை பார்க்கும் வேண்டா கணினி கணினியாகச் சந்தனம் தடவிக்கொண்டு வந்தாள்.

"இன்னா சார், பிரிண்டருக்குமா மாலை? மனுசனுக்கு இல்லாத லீவு இதுக்குக் கீதே!"

லைசென்ஸ் கம்பெனியின் பக்தவத்சலம் சரியாக ஒன்பது மணிக்கு வந்தார். செல்போனைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"உள்ள டவர் கிடைக்காது சார். பேசணும்னா வாசலுக்குத்தான் போகணும்" என்றார் சுப்புராமன். "பூஜை நாள்ல உங்களை அலைய வெச்சிட்டோம். மிஷின் எல்லாம் சாமிகிட்ட இருக்கு."

"பரவாயில்ல. ஓடுறதை மட்டும் எண்ணிட்டுப் போறேன்."

மணி அடித்தது. பொரியும் சுண்டலும் வலம் வந்தன. கூடம் நிறையக் கூட்டம் இருந்தும் சத்தமே இல்லை. பிள்ளைகள்கூட ஓடியாடாமல், தலை குனிந்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"பக்தியான பசங்க" என்று சுப்புராமன் நெகிழ்ந்தார்.

பன்னிரண்டு மணிக்கு பக்தவத்சலம் தன் மடிக்கணினியை மூடினார்.

"அணைக்க முடியாத சர்வரும் காமிராவும் சேர்த்து ஒன்பதுதானே சார்?" என்றார் சுப்புராமன்.

"அறுநூத்தி நாப்பது."

சுப்புராமன் கையிலிருந்த சுண்டல் சிதறியது.

"எல்லாம் புதுசு. யாரோடதுன்னு தெரியாம, ஏபிஐ வேற நிமிஷத்துக்கு ஒருதரம் கேட்டுக்கிட்டே இருந்திருக்கு. அதுவும் பில்லுல வரும்."

சுப்புராமன் ருக்சானாவைப் பார்த்தார்.

"டவர் இல்லன்னு வந்தவங்க எல்லாரும் செல்போனுக்கு வைஃபை பாஸ்வேர்டு கேட்டாங்க சார். எது கேட்டாலும் குடுக்கச் சொன்னீங்களே."

"முதல்ல கேட்டது யாரு?" என்றார்.

ருக்சானா முன்வரிசையைக் காட்டினாள்.

அங்கே சுப்புராமனின் மனைவி, துபாயில் இருக்கும் தன் தங்கைக்குக் காலையிலிருந்தே பூஜையை வீடியோ காலில் காட்டிக்கொண்டிருந்தாள்.