இடியில் எரிந்த கார்டு

தேயிலைத் தோட்டத்து ஆள்பதிவேடான செக்ரோலில் பேச்சாயியின் நம்பர் 214. கொழுந்துக் கூடையோ சாப்பாட்டுச் சட்டியோ, வீட்டுக்கு எது வந்தாலும் சிவப்புப் பெயின்டால் அந்த நம்பரை எழுதாமல் விடமாட்டாள்.

அன்று ஹட்டனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் நின்றாள்.

"கம்ப்யூட்டர்ல கேம் விளையாடத் தீவாளிக்கு வாங்கிக் குடுத்த கார்டு இடியில எரிஞ்சிருச்சாம் மொதலாளி. அதைவிட நல்லதா வேணும்னு மகன் மூணு நாளா சோறு திங்கல."

"எந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்?"

"ரொம்பப் பழசுங்க. கிளாக்கரய்யா வீட்டுல வேணாம்னு குடுத்தது."

"அப்ப புது கார்டு அதுக்குச் சேராதும்மா. பழசு ஒண்ணு இருக்கு, பாதி விலைதான்."

"களவுச் சாமான் இல்லையே?"

"அதெல்லாம் இல்ல. போன கெழமை ஒரு பையன் கொண்டாந்தான். அம்மா செத்துட்டாங்க, காரியம் பண்ணக் காசில்லன்னு அழுதான். எனக்கே மனசு கேக்கல, கேட்டதைக் குடுத்துட்டேன்."

"பாவம், தாயில்லாப் புள்ள."

பேச்சாயி பணத்தைக் கொடுத்தாள். முதலாளி அதை மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டிவிட்டுக் கார்டை நீட்டினார். தன் நம்பரை எங்கே எழுதலாம் என்று அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள்.

பின்பக்கத்தில் சிவப்புப் பெயின்டில், அவளுடைய கோணல் எழுத்திலேயே, 214 இருந்தது.

முதலாளி எட்டிப் பார்த்தார்.

"ஏதோ பெயின்ட் கிறுக்கல்மா. தின்னர் போட்டு அழிச்சுத் தரவா?"

"வேணாங்க," என்றாள் பேச்சாயி. "செத்தவ நம்பர். இருந்துட்டுப் போகட்டும்."