காலைப் பத்திரிகைச் சாம்பியன்

"இன்னொரு தடவை படிங்க, மிஸ் கோரா. எனக்கு ஒரு கண்ணு திறக்கல. இன்னொண்ணு நம்ப மாட்டேங்குது."

கோரா பத்திரிகையைக் காப்பிக் கூஜாவில் சாய்த்து வைத்து மறுபடி வாசித்தாள்.

"'நேற்றைய ஆறு சுற்றுக் குத்துச்சண்டையில் ஆமோஸ் கார்வர், சைலஸ் மெரிட்டை மூன்று முறை தரையில் வீழ்த்தினார். கறுப்பர்களின் உலகச் சாம்பியன் பட்டம் கார்வருக்கே உரியது.'"

"மூணு தடவையா?" என்றான் கார்வர். "ஐயோ பாவம், மெரிட்."

எதிரே உட்கார்ந்திருந்த மெரிட் மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தான். அவன் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

1913இல் பிலடெல்பியாவில் கறுப்பர்களுக்கு அறை தரும் வீடுகள் குறைவு. மேடையில் அடித்துக்கொண்ட இருவரும் கோராவின் வீட்டில் ஒரே கட்டிலில் தூங்கி எழுந்திருந்தார்கள். இரண்டு வருடமாக, எப்போது வந்தாலும் அப்படித்தான்.

"சண்டையைப் பார்த்துட்டு வந்த என் வீட்டுக்காரர் வேற மாதிரி சொன்னாரே," என்றாள் கோரா. "விழுந்தது நீன்னார்."

"நானேதான். கூரையில எத்தனை விளக்குன்னு கேளுங்க, சொல்றேன். பதினாலு. மூணாவது தடவை இருபத்தெட்டு."

"அப்புறம் ஏன் இப்படி எழுதியிருக்கான்?"

"எழுதினவன் வெள்ளைக்காரன். மேடையில ரெண்டு கறுப்பன். எவன் எவன்னு பார்க்க அவனுக்கு என்ன தலையெழுத்தா?"

கோரா செய்திக்கு மேலிருந்த படத்தைப் பார்த்தாள். இரண்டு உடம்பு, ஒரே முகம். அந்த முகமும் இருவருடையதும் இல்லை.

அந்த ஊர்ச் சட்டப்படி, கடைசி மணி அடிக்கும்போது இருவரும் காலில் நின்றால் நடுவர் தீர்ப்புச் சொல்லக்கூடாது. மறுநாள் காலைப் பத்திரிகை சொல்வதுதான் தீர்ப்பு. வெள்ளைக்காரச் சாம்பியன்கள் கறுப்பர்களோடு மோதாமல் நழுவினார்கள். கறுப்பர்கள் தங்களுக்குள்ளேயே மாறி மாறி அடித்துக்கொண்டார்கள். இவர்கள் இருவர் மட்டும் பதிமூன்று முறை.

இந்த முறை ஒரு வித்தியாசம் இருந்தது. ஜெயித்தவனைப் பாஸ்டனுக்குக் கூட்டிப்போய் ஒரு பெரிய வெள்ளைக்கார வீரனோடு மோதவிடப் போவதாக, சண்டைகளை ஏற்பாடு செய்யும் பந்தயக்காரர் ஒருவர் தந்தி அடித்திருந்தார். காலை வண்டியில் வருகிறார்.

"நீ போ," என்றான் மெரிட்.

"அடிச்சது நீ."

"பேப்பர்ல இருக்கிற பேரு உன்னுது. பேப்பரோட சண்டை போட முடியாது."

"உன்னோடவே என்னால போட முடியல. டேய், எனக்கு முப்பத்தாறு வயசு. குனிஞ்சு பூட்ஸ் கட்டினாலே மூச்சு வாங்குது. நான் பாஸ்டன் போய் விழுந்தா வெள்ளைக்காரன் என்ன சொல்வான்? 'இவங்க சாம்பியனே இவ்வளவுதான்'னு சொல்லிட்டு, இருபது வருஷத்துக்கு நம்ம ஆளு ஒருத்தனையும் மேடையேத்த மாட்டான்."

"உனக்கு ஆசையே இல்லையாப்பா?" என்றாள் கோரா.

"ஆசை இல்லாமலா? பதினஞ்சு வருஷமா தினம் கண்ணாடி முன்னாடி நின்னு வெள்ளைக்காரனோட மோதறேன். ஒரு தடவைகூடத் தோத்ததில்ல."

கதவு தட்டப்பட்டது. தட்டியவர் பதிலுக்குக் காத்திராமல் உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை. கையில் அதே பத்திரிகை.

"டேய் பசங்களா, உங்கள்ல எவன்டா கார்வர்?"

மெரிட் தட்டைப் பார்த்தான். கோரா கூஜாவைப் பார்த்தாள். கார்வர் வாயிலிருந்த ரொட்டியை மெதுவாக மென்று விழுங்கினான்.

"இவன்தாங்க ஐயா," என்று மெரிட்டைக் காட்டினான்.

பந்தயக்காரர் படத்தைப் பார்த்தார். மெரிட்டைப் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டினார்.

"அப்படியே வரைஞ்சிருக்கான். கிளம்பு, ஒன்பது மணிக்கு வண்டி." பிறகு கார்வரின் வீங்கிய கண்ணைப் பார்த்து இரக்கப்பட்டார். "அடுத்த தடவை கையைத் தூக்கி முகத்தை மறைச்சுக்கோ, மெரிட்."

"சரிங்க ஐயா. நேத்து யாரும் சொல்லித் தரல."

மாடியிலிருந்து பெட்டியோடு இறங்கி வந்தவன் கார்வரின் தோளை ஒருமுறை அழுத்தினான்.

"வரட்டுமா, சைலஸ்?"

"போய்ட்டு வா. இடது கையை இறக்காத."

வண்டிச் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது. கோரா அடக்கிவைத்ததைக் கொட்டினாள்.

"பைத்தியமாப்பா நீ? பட்டத்தைக் குடுத்தே, சரி. பேரையுமா தூக்கிக் குடுப்பாங்க? அவன் அங்க ஜெயிச்சா ஊரே 'கார்வர், கார்வர்'னு கத்தும்."

"நானும் சேர்ந்து கத்துவேன். அது அவன் பேருதானே."

"என்னது?"

"நாலு வருஷம் முன்னாடி மெம்பிஸ்ல நான் அவனை அடிச்சுப் போட்டேன், மிஸ் கோரா. கார்வர் ஜெயிச்சான்னு பேப்பர்ல மாத்தி எழுதிட்டான். அடுத்த ஊர்ல அந்தப் பேர்லயே போஸ்டரும் ஒட்டிட்டாங்க. 'ஜெயிச்சது நீதான்டா, என் பேரை நீயே வெச்சுக்கோ'ன்னு அவன் என் பேரை எடுத்துக்கிட்டான்." அவன் பத்திரிகையை நல்ல கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். "நான்தான் சைலஸ் மெரிட். நாலு வருஷத்துல இன்னிக்குத்தான் சரியா எழுதியிருக்கான்."