புரட்டாசி வறுவல்

அவர் எச்சில் கையோடு எழுந்து நின்றுவிட்டார்.

"அம்மிணி! பொரட்டாசி சனிக்கெழம அதுவுமா எனக்குக் கறிய வெச்சுப்போட்டியே!"

மென்றுகொண்டிருந்த வாய்கள் எல்லாம் அப்படியே நின்றன.

அடுப்படியிலிருந்து அவள் எட்டிப் பார்த்தாள். தறிப்பட்டறை மேஸ்திரி நாச்சிமுத்து. நெற்றியில் நாமம், கழுத்தில் துளசிமாலை, இலையில் பாதி கடித்த துண்டு.

கல்லாவில் இருந்த அவள் புருஷன் செங்கோட்டுவேலுவுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

இருக்காதா பின்னே? புரட்டாசிச் சனிக்கிழமை கறி போட்ட கடை என்று குமாரபாளையத்தில் பேச்சுக் கிளம்பினால் போதும். அப்புறம் ஐப்பசியிலும் கடையைத் திரும்பிப் பார்க்க ஆள் இருக்காது.

அவளுக்கோ சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்து அடக்கினாள்.

பள்ளிபாளையம் கோழி வறுவலுக்குப் பேர்போன கடை அது. புரட்டாசி பிறந்தால் ஷட்டரை இறக்கிவிடுவார்கள். ஊரே கவிச்சியை விட்டுவிடும் மாதத்தில் கோழிக்கடைக்கு என்ன வேலை?

இந்த வருஷம் அவள் மாட்டேன் என்றாள்.

"ரசஞ்சோத்தத் தின்னுபோட்டுத் தறியில நிக்க முடியலீங்கக்கா" என்று வருஷா வருஷம் தறிக்காரர்கள் அவளிடம்தான் வந்து புலம்புவார்கள். நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கிறவர்கள். கோழி இல்லாத மாதத்தில் தெம்புக்கு எங்கே போவார்கள்? சோயாவில் இருக்கிறது புரோட்டீன் என்று அவளுக்குத் தெரியும். சோயாப் பாலைத் திரிய வைத்து அழுத்திச் செய்த டோஃபு ஈரோட்டில் கிடைத்தது. வாங்கி வந்துவிட்டாள்.

செங்கோட்டுவேலு அதை விரலால் அமுக்கிப் பார்த்தான்.

"சோப்புக்கட்டியாட்ட இருக்குது. இத எவன் திம்பான்? செரி, ஒரே ஒரு சனிக்கெழம. எவனாச்சும் மூஞ்சியச் சுளிச்சான்னா கடையச் சாத்திப்போடோணும். அடுத்த வருசம் இந்தப் பேச்சே எடுக்கப்படாது."

வீம்புக்குச் சரி என்றுவிட்டாள்.

புது வடச்சட்டி வாங்கினாள். வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப் பல்லு. எல்லாம் கோழிக்குப் போடுவதுதான். வதக்கி, டோஃபுவைப் போட்டுக் கிளறினாள். உதிர்ந்து தூளாகிப் போனது.

"பொரட்டாசியில முட்டப் பொரியலா புள்ள?"

அவன் சிரித்த சிரிப்பில் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மீதியை எடுத்து வைக்கச் சொன்னாள். அவன் ஐஸ் பெட்டிக்குள் தள்ளிவிட்டான். அந்தக் கடைக்கு எது வந்தாலும் அங்கேதான் போகும். கோழி போகும், குடல் போகும். மாதம் பிறந்ததும் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவிய பெட்டி என்பதால் தப்பித்தான். பழக்க தோஷம், கை தானாகப் போயிருக்கிறது.

காலையில் பார்த்தால், கல்.

வாய்க்கு வந்தபடி திட்டினாள். திட்டிக்கொண்டே வெந்நீரில் போட்டாள். ஐஸ் இளகியது.

பிழிந்தாள். தண்ணீர் கொட்டியது. கட்டி உடையவில்லை.

பிய்த்தாள். கோழிக்கறி போல நார் நாராக வந்தது.

திட்டு பாதியில் நின்றது.

அதன் பிறகு வந்த டோஃபு அத்தனையும் ஐஸ் பெட்டிக்குள்தான் போனது. அவனிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லுவாளா என்ன!

இன்றுதான் அந்தச் சனிக்கிழமை. சைவம் என்று வாசலில் எழுதிப் போட்டுத்தான் கடையைத் திறந்திருந்தாள்.

நாச்சிமுத்து இன்னும் நின்றுகொண்டிருந்தார். கோபம் போய் அழுகை வந்துவிடும் போலிருந்தது.

"கோழியேதான். எனக்குத் தெரியாதா? எத்தன வருசமா உன்ற கையில திங்கறேன். பெருமாளுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன் அம்மிணி?"

மனுஷனைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது. அவள் என்ன செய்வாள்!

உள்ளே போனாள். ஒரு தட்டோடு வந்தாள். தட்டில் ஐஸ் இளகிய டோஃபு கட்டி ஒன்று, ஈரமாக.

"இதக் கொஞ்சம் புழிஞ்சு பாருங்ணா."

இடது கையால் பிழிந்தார். தண்ணீர் ஒழுகியது. மோந்து பார்த்தார். பிய்த்தார். நார் வந்தது. மறுபடியும் மோந்தார்.

"சோயாவுங்ணா. சட்டியும் புதுசு. நானே ஒருசந்தி விரதம் இருக்கறேன், உங்களுக்குக் கறி வெப்பனா? இதுல ஒரே ஒரு எலும்பக் காட்டுங்க, இப்பவே கடையச் சாத்திப்போடறேன்."

நாச்சிமுத்து இலையைக் குனிந்து பார்த்தார். மிளகாயைத் தள்ளினார். தேங்காய்ப் பல்லைத் தள்ளினார்.

எலும்பு இல்லை.

பின் பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் கடை முழுக்கச் சிரித்தது. அவருக்கும் வெட்கச் சிரிப்பு வந்தது.

உட்கார்ந்தார். பாதித் துண்டை வாயில் போட்டார். இந்தத் தடவை மெதுவாக மென்றார். இலையைத் துடைத்தது போல் வழித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் என்று விரலால் காட்டினார்.

அவள் அள்ளி வைத்தாள்.

"ஏனம்மிணி, ஐப்பசி பொறந்துச்சுன்னா இத நிறுத்திப்போடுவியா?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். நிதானமாகக் கல்லாப் பக்கம் திரும்பினாள்.

"அவரக் கேளுங்ணா."